ஏழரையின் எட்டாவது கை

என் மாமாவுக்கு ஒரு வியாதி உண்டு. யார் வரைந்த படமானாலும் கடைசியில் தன் கையால் ஒரு தீற்றல் வைக்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. வீட்டு முன்னறையில் ஓவிய வகுப்பு நடத்துகிறவர். பிள்ளைகள் எழுந்து போனதும் மீனின் கண்ணுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி வைப்பார், அலைக்குக் கொஞ்சம் நுரை சேர்ப்பார். கேட்டால் "ஃபினிஷிங் டச்" என்பார். பெற்றவர்களும் "எம்பொண்ணு என்னமா வரையுது பாருங்க!" என்று பூரித்துப் போவார்கள். அந்தக் கை என் படத்துப் பக்கம் வராது என்று நம்பினேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

போட்டியை நடத்தியது கடல் ஆய்வகம். பள்ளி மாணவர்களுக்கு மட்டும். கடலில் வாழும் ஒன்றை நேரில் பார்த்து வரைய வேண்டும், வேறு யார் கையும் படக் கூடாது. பரிசு கோப்பையோ சான்றிதழோ இல்லை. ஆய்வகத் தொட்டியில் இருக்கும் ஆக்டோபஸைத் திரும்பக் கடலில் விடப் போகும் படகில் ஓர் இடம். ஜெயித்தவர்தான் வாளியைச் சாய்த்து அதைத் தண்ணீருக்குள் விட வேண்டும்.

எனக்கு அந்த இடம் வேண்டும். ஏனென்றால் அந்த ஆக்டோபஸ் எனக்குப் பழக்கம்.

யாரோ கடலில் வீசிவிட்டுப் போன வலையில் மாட்டி, ஒரு கை அறுந்துபோய் வந்து சேர்ந்தது அது. ஆய்வகத்து அக்கா அதற்கு 'ஏழரை' என்று பேர் வைத்தார். முழுசாக ஏழு கை, அறுந்த இடத்தில் புதிதாக முளைக்கும் அரைக் கை. வீட்டில் வந்து சொன்னபோது "பேரே சரியில்லையே" என்ற மாமா, காரணம் எதுவும் கேட்கவில்லை. நான் முதலில் நம்பவே இல்லை. கை முளைக்குமா? அது என்ன முள்ளங்கியா? சரி, பார்த்துவிடுவோம் என்று சனிக்கிழமைதோறும் போய்க் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றேன். முதலில் வெறும் குமிழ். பிறகு மிளகாய்க் காம்பு மாதிரி ஒன்று. அப்புறம் என் சுண்டுவிரல் நீளம், அதில் கடுகு கடுகாக உறிஞ்சிகள்! ஒருநாள் அந்தக் குட்டிக் கையை நண்டை நோக்கி நீட்டியது. எட்டவில்லை. உடனே வேறு கையால் பிடித்துக்கொண்டு, ஒன்றுமே நடக்காதது போல் இருந்தது. அது குட்டிக் கை என்று அதற்கே மறந்து போயிருக்குமா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அந்தக் குட்டிக் கையைத்தான் மெழுகு க்ரேயானில் நுணுக்கி நுணுக்கி வரைந்தேன். அட்டையில் ஒட்டித் தருவதற்காகப் படத்தை மாமாவிடம் கொடுத்தேன். மறுநாள் போட்டி அரங்கில் அவர் உறையைப் பிரித்தபோதுதான் பார்த்தேன். எட்டுக் கை! என் அரைக் கையின் மேல் கெட்டியாகப் போஸ்டர் கலர் பூசி, முழுக் கையாக நீட்டி, நுனியைச் சுருட்டி வேறு விட்டிருந்தார்.

"மாமா! என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?"

"ஒரு கையப் பாதியிலயே விட்டுட்டே. நல்லவேளை, என் கண்ணுல பட்டுச்சு."

"அது பாதிக் கைதான் மாமா! அதுதான் படமே!"

"ஆக்டோபஸுக்கு எட்டுக் கைடி. ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்கும் தெரியும்."

"கூப்பிட்டேனே, ஒரு தடவையாவது வந்து பார்த்தீங்களா?"

மாமா காலி உறையை மடிக்க ஆரம்பித்தார். அதற்குள் நடுவர் வந்துவிட்டார். வேறு யார், ஆய்வகத்து அக்காவேதான். படத்தருகே குனிந்தவர் எட்டாவது கையிலேயே நின்றார். மெழுகின் மேல் அந்தச் சாயம் பிடிக்காது. வெடித்துப் பொருக்காக எழும்பியிருந்தது.

"இந்த ஒரு கை மட்டும் ஏன் உரியுது? அடியில என்ன இருக்கு?"

மாமா என் தோளை அழுத்தினார். 'நானே திருத்தினேன் அக்கா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அக்கா நம்பிவிடுவார். படகு எனக்குத்தான். ஆனால் எட்டு முழுக் கையோடு இருப்பது ஏழரையே இல்லையே, அது யாரோ! அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. தண்ணீர் பாட்டிலைக் கைக்குட்டையில் கவிழ்த்து அந்தக் கையைப் பரபரவென்று தேய்த்தேன். சாயம் வழிந்தோடியது. அடியிலிருந்து சுண்டுவிரல் நீள மெழுகுக் கை, கடுகு உறிஞ்சிகளோடு, அப்படியே வந்தது.

"இதுதான் நான் வரைஞ்சது. மேல இருந்தது என்னோடது இல்ல."

"அட, நம்ம ஏழரை!" என்று சிரித்த அக்கா, சட்டென்று நிறுத்தினார். "அப்போ மேல வரைஞ்சது யாரு?"

நான் ஈரக் கைக்குட்டையைப் பிழிந்தேன்.

"நான்தாங்க," என்றார் மாமா. "பிள்ளை மேல தப்பில்ல. பழக்க தோஷம்."

அக்கா படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. "விதி எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா. இதப் போட்டியில சேர்க்க முடியாது."

ஆமை வரைந்தவள் ஜெயித்தாள். நன்றாகத்தான் வரைந்திருந்தாள், அது இன்னும் எரிச்சல். மாமாவோடு நான் பேச்சை நிறுத்திவிட்டேன்.

படகு கிளம்பும் நாள் காலையில் மாமா செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். "வா, படகுத்துறைக்குப் போலாம்."

"எதுக்கு? டாட்டா காட்டவா?"

"நான் இன்னும் அதப் பார்க்கலயே."

போனோம். எங்களைப் பார்த்ததும் அக்கா வாளியைக் கீழே வைத்து, "சீக்கிரம் பார்த்துக்கோங்க" என்றார். மாமா வேட்டியைச் சுருட்டிக்கொண்டு அப்படியே குந்தினார். விரலை நீட்டி எண்ணினார். ஏழரை நெளிந்தது, எண்ணிக்கை தப்பியது, மறுபடி முதலிலிருந்து எண்ணினார். குட்டிக் கை வாளி விளிம்பில் ஏறி ஒட்டிக்கொண்டது. மாமா மூச்சு விடாமல் அதையே பார்த்தார்.

"ஏய்," என்று என் பக்கம் திரும்பினார். "அரையா இது? நல்லாப் பாருடி. ஏழே முக்கால்!"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இவர் மேல் எத்தனை நாள்தான் கோபமாக இருப்பது?

அவர் கை தன்னால் சட்டைப்பைப் பென்சிலுக்குப் போனது. எடுத்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"படகு கிளம்பறதுக்குள்ள வரைஞ்சிடு."

முக்கால் கையை முதலில் வரைந்தேன். மாமா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.