எண்பதைத் தாண்டினால் அலறு

அலுவலகத்தில் அவனுக்கு ‘அலாரம்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். சர்வர்களைக் கண்காணிக்கிற வேலை அவனுடையது. போன மாதம் டிஸ்க் நிரம்பி ஒரு சர்வர் படுத்துவிட்டது. மேனேஜர் அவனை வறுத்தெடுத்துவிட்டு, “இன்னொரு தடவை சொல்லாம கொள்ளாம படுத்துச்சுன்னா, நீங்க வேற வேலை பாத்துக்கலாம்,” என்று முடித்தார்.

பயந்துபோனவன் புது டிஸ்க் மாட்டி, எச்சரிக்கையும் வைத்தான்: எண்பது சதவீதத்தைத் தாண்டினால் போன் அலற வேண்டும். அலறியது. குளிக்கும்போது அலறியது, மாமனார் பேசும்போது அலறியது. இவனும் பழைய ஃபைல்களை அழித்துப் பார்த்தான். அழிக்க அழிக்க எண் ஏறியதுதான் மிச்சம். எக்கேடோ கெட்டுப் போ என்று அழிப்பதையே விட்டான். சில நாளில் அலறல் தானாகவே நின்றது. அன்றிலிருந்து அடித்துப்போட்ட மாதிரி தூங்கினான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அதிசயமாக மனைவியும் சத்தம் போடவில்லை. ஈரத்துண்டு, மூடாத பற்பசை என்று ஆரம்பிக்கிறவள், டீயை வைத்துவிட்டுப் பேசாமல் போய்விட்டாள். அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

“வீடே சொர்க்கமா இருக்குல்ல?” என்றான் மகளிடம்.

மகள் பரிதாபமாகப் பார்த்தாள். “அம்மா கத்தினா ஒண்ணுமில்லப்பா. கத்தலைன்னாதான் டேஞ்சர்.”

அவனுக்குப் பல நாளாக அலறாத போன் ஞாபகம் வந்தது. லேப்டாப்புக்கு ஓடினான். அடப்பாவி! நிரம்பிய இடத்தைப் பார்க்கச் சொல்வதற்குப் பதில், காலி இடத்தைப் பார்க்கச் சொல்லி வைத்திருக்கிறான். டிஸ்க் காலியாக இருந்தவரை ஊரைக் கூட்டிய போன், நிரம்ப நிரம்ப வாயை மூடிக்கொண்டுவிட்டது. இப்போது மூச்சுவிடக்கூட இடமில்லை. ஃபைல்களை அழித்தான், எச்சரிக்கையை மாற்றி வைத்தான். சர்வர் பிழைத்தது. வேலையும் பிழைத்தது.

அடுத்து சமையலறைக்குப் போனான். அங்கே ஒரு பாத்திரம்கூடச் சத்தம் போடவில்லை.

“நான் என்ன தப்பு பண்ணேன்? தயவுசெஞ்சு கத்திடும்மா.”

அவள் திரும்பினாள். “நேத்து என்னை அக்கா வீட்டுல இறக்கிவிட்டீங்களே, திரும்பக் கூட்டிட்டு வரணும்னு ஞாபகம் இருந்துச்சா? போன் பண்ணிப் பண்ணிக் கை வலிச்சுப் போச்சு. நடந்து வந்து பார்த்தா, ஐயா குறட்டை!”

அக்கா வீட்டில் ஆரம்பித்தவள், கல்யாணத்தன்று அவன் தாமதமாக வந்ததுவரை போனாள். அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“இப்பத்தான் சரியா வேலை செய்யுது,” என்று முணுமுணுத்தான்.

அது அவள் காதில் விழுந்துவிட்டது.