சிவப்புக் குறி போட்ட மரம்

அவள் அண்ணாந்து பார்த்தாள். பட்டுப்போன மரம் என்று அவளே சிவப்புச் சாயத்தில் பெருக்கல் குறி போட்ட மரம், உச்சியில் துளிர்விட்டு நின்றது.

விடுமுறை நாளில் கணவனோடு பூங்காவுக்கு வந்திருந்தாள். அரசர்கள் காலத்துப் பூங்கா; குறுக்கே நடக்கவே முக்கால் மணி நேரமாகும். போன மழைக்காலத்தில் முதன்முதலாக வந்தபோது இதே மரத்தடியில்தான் இருவரும் ஒதுங்கினார்கள். சுற்றிலும் கொட்டோ கொட்டென்று கொட்டியும் தலையில் ஒரு சொட்டு விழவில்லை. இப்படியும் ஒரு மரமா என்று வாய் பிளந்து நின்றவள், வேலை பார்த்தால் இங்கேதான் பார்ப்பேன் என்று அடம்பிடித்துச் சேர்ந்தாள். இலையுதிர்காலம் முழுவதும் அவளுக்கு, பட்டுப்போன மரங்களுக்குக் குறி போடும் வேலை. உயிருள்ள மரமென்றால் பட்டையைச் சுரண்டினால் பச்சை தெரிய வேண்டும். இதன் அடியிலும் கத்தியால் சுரண்டினாள், தெரியவில்லை. முந்நூறு வயது மரத்துக்குப் பட்டையே அரைச்சாண் இருக்கும், கிளை நுனியில்தான் சுரண்ட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. மற்றவை துளிர்த்து ஒரு மாதமாகியும் இது மொட்டையாக நின்றதால் சந்தேகமும் வரவில்லை.

அவள் சொன்னதைக் கேட்டு, முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் கணவன் சிரித்தான். "யானைக்கும் அடி சறுக்கும்பாங்க. நீ யானை மேலயே போய்ச் சறுக்கியிருக்கே."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நாளைக் காலை ஆட்கள் வெட்ட வருவார்கள். குறியைப் பார்த்து ரம்பம் வைப்பார்களே தவிர, மேலே பார்க்க மாட்டார்கள். உண்மையைச் சொன்னால், இந்த மாதம் நிரந்தரமாக வேண்டிய வேலை கைநழுவிப் போகும்.

"சாயத்தைச் சுரண்டிட்டுப் போயிடலாமா?"

"பட்டியல்ல மரத்தோட நம்பர் இருக்குங்க. எழுதினதும் நான்தான்."

பயத்தையும் மீறி உடம்பு சிலிர்த்தது. அத்தனை உயரத்துக்குத் தண்ணீரை இந்த மரம் எப்படித்தான் ஏற்றியதோ! மேற்பார்வையாளருக்குப் போன் போட்டாள்.

"சார், பெரிய மரம் உயிரோட இருக்கு. தப்பு என்னோடது."

"விளையாடுறியா? வெட்டுறதுக்குக் கையெழுத்தெல்லாம் ஆயிடுச்சு. அங்கேயே நில்லு, வர்றேன்."

கால் மணி நேரத்தில் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். "உன்னை நம்பி ஒரு வேலையைக் கொடுத்தா..." என்று ஆரம்பித்தபடியே நிமிர்ந்தார். செம்பு நிறத்தில், விரல் நக அளவில் ஆயிரமாயிரம் இலைகள் வெயிலை வாங்கிக்கொண்டு நடுங்கின. கழுத்து இன்னும் பின்னால் சாய்ந்தது. தொப்பி நழுவிப் புல்லில் விழுந்தது. அதை எடுக்க அவர் குனியவே இல்லை.