அறுக்க விடாத நாற்காலி

காந்தி மார்க்கெட் வெல்லமண்டியில் என் அத்தா முகம்மது கனி ராவுத்தரைப் பேரத்தில் ஜெயித்தேன் என்று சொல்லிக்கொண்டவர் யாரும் கிடையாது. அப்படிப்பட்டவரை ஒரு ஈரத்தரை ஜெயித்துவிட்டது. ஊரெல்லாம் வெள்ளம் வந்துபோன மறுவருஷம், பள்ளிவாசலில் தொழுகைக்குமுன் கைகால் கழுவி ஒளு செய்துவிட்டுத் திரும்பியவர் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது.

கட்டுப்போட்டு, படுக்கையில் கிடந்து, ஒரு வழியாக எழுந்து நின்றபோது டாக்டர் சொன்னார்: "நடக்கலாம். நாற்காலியில் உட்காரலாம். குந்த மட்டும் கூடாது. இனிமே ஆயுசுக்கும் கூடாது."

எங்கள் வீட்டுக் கக்கூஸில் குந்தாமல் என்ன செய்வது? தினமும் காலையில் நான் பின்னால் நின்று, அவர் கக்கத்தில் கை கொடுத்துத் தாங்கிக்கொள்வேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வேன். அவரும் எதுவும் பேசமாட்டார், நானும் பேசமாட்டேன். மண்டியில் பத்துப்பேர் மத்தியில் உரக்கப் பேசியே வாழ்ந்த மனிதர், அந்த நேரத்தில் தொண்டையைக்கூடச் செருமமாட்டார்.

அவர் தன் வழியில் இதற்கு ஒரு முடிவு கண்டார். சாப்பிட்டால்தானே போகவேண்டும்? சாப்பாட்டைக் குறைத்தார்.

"ஏங்க, மாமா நேத்துலேர்ந்து ரெண்டு பொறை ரொட்டியும் டீயும்தான்" என்றாள் என் மனைவி சாரா பீவி. "கேட்டா பசிக்கலைங்கறாங்க. இப்படியே போனா இடுப்பு கூடும், ஆளு இருக்கமாட்டாங்க."

தேவை ஒரு நாற்காலி. நடுவில் ஓட்டை போட்டுக் கக்கூஸ் மேல் வைத்தால் அத்தா தாமே போய்வருவார். ஆனால் சும்மா ஒரு நாற்காலி போதாது. ஊன்றி எழுந்திருக்கக் கை இருக்கவேண்டும். கால்கள் அகலமாக இருந்தால்தான் இரண்டு பக்கமும் தரையில் நிற்கும். பிரம்பு பின்னியது ஈரத்தில் இற்றுவிடும், பலகைதான் வேண்டும். இதற்கென்றே இரும்பில் செய்தது மெட்ராஸில் கிடைக்கிறது என்றார்கள். கேட்ட விலைக்கு அதில் உட்கார்ந்து தொழுகையே நடத்தலாம் போலிருந்தது. பழைய சாமான் கடைக்குப் போனேன்.

பழைய சாமான் வாங்குவதற்கு ஒரு நேரம் உண்டு. கடை திறந்ததும் போகவேண்டும். முதல் ஆள் வெறுங்கையோடு இறங்கினால் அன்றைக்குப் போணி கெட்டுவிடும் என்பதால், கடைக்காரன் எந்த விலைக்கும் இறங்கி வருவான். பாலக்கரையில் சகாயநாதன் கடைப் பலகையை எடுக்கும்போதே நான் வாசலில் நின்றேன்.

கடை பூராவும் வெள்ளத்தில் ஊறிய சாமான். கதவு மூடாத பீரோ, உப்பிப்போன மேஜை. மூலையில் ஒரு நாற்காலி கிடந்தது. ஆஸ்பத்திரிப் பச்சையில் பெயிண்ட் அடித்து, முன்னங்கால் ஒன்று அடியில் மக்கி, இரண்டு பேர் உட்காருகிற அகலத்தில் இருந்தது. பார்த்ததுமே மனசு துள்ளியது. முகத்தைச் சுளித்துக்கொண்டேன்.

"இது என்னண்ணே, யானை உக்கார்றதா?"

"தேக்கு பாய். பெயிண்டைப் பார்க்காதீங்க."

"பெயிண்டைத்தான் பார்க்க முடியுது. கால் வேற போயிருச்சு. வெறகுக்கு எடுத்துக்கறேன், சொல்லுங்க."

"வெறகுக்கா? ஒங்க வீட்டுல அடுப்பு அவ்வளவு பெருசா?"

அவர் விலை சொன்னார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கினேன். இரண்டாம் படியில் கூப்பிட்டார். சொன்னதில் பாதிக்கும் கீழே முடிந்தது. அன்று வீடுவரை எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

பிச்சமுத்து ஆசாரி கொல்லையில் வேலையை ஆரம்பித்தார். மக்கிய காலை அறுத்து ஒட்டுப்போட்டார். கண்ணாடிச் சில்லால் பெயிண்டைச் சுரண்டினார். பச்சைக்கு அடியில் ஒரு காவி, காவிக்கு அடியில் கறுப்பு வார்னிஷ், அதற்கும் அடியில் மரம். உப்புத்தாள் போட்டு ஒரு துணியால் துடைத்ததும் நல்ல உருண்டை வெல்லத்தின் நிறத்தில் நின்றது. சாரா கூட, "அய்யோ, இதைப் போய்க் கக்கூஸுல போடணுமா?" என்றாள்.

பிச்சமுத்து பலகை நடுவில் பென்சிலால் வட்டம் போட்டார். அளவு சரியா என்று பார்க்க அத்தாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து உட்காரவைத்தோம். பெயிண்ட் போன நாற்காலியின் வலதுகை முனையில் அவர் விரல் எதையோ தேடியது. அங்கே சின்னதாக ஒரு குழி. ஆள்காட்டி விரலை அதில் வைத்து இரண்டு தட்டுத் தட்டினார்.

"இதை எங்கே புடிச்சே?"

"பாலக்கரையில, அத்தா."

"இது ஸ்ரீரங்கம் திருவேங்கடம் செட்டியாரோட நாற்காலி."

செட்டியார் எங்கள் மண்டியின் பெரிய வாடிக்கை. அவரிடம் பேரம் பேச அத்தாவே வெல்லத்தில் மாதிரி எடுத்துத் துண்டில் முடிந்துகொண்டு ஸ்ரீரங்கம் போவார். செட்டியாருக்குப் பருத்த உடம்பு, கீழே சம்மணம் போடமுடியாது. அதனால் கடைக்கென்று அளவு கொடுத்துச் செய்த நாற்காலியாம். அதில் உட்கார்ந்து மோதிரத்தால் நாற்காலிக் கையில் இரண்டு தட்டுத் தட்டினால் அதற்குமேல் விலை ஏறாது என்று அர்த்தம். அப்படித் தட்டித் தட்டி விழுந்த குழி அது.

"பிச்சமுத்து, ரம்பத்தைக் கீழே வைப்பா" என்றார் அத்தா.

"அத்தா, அது மரம்."

"மரம்தான். அந்த மரத்துல உக்காந்துதான் அவரு 'முடிஞ்சுது ராவுத்தரே'ம்பாரு. அப்புறம் வெலை ஏறட்டும், எறங்கட்டும், சொன்னது சொன்னதுதான். எழுத்து உண்டா, சாட்சி உண்டா? ஒரு மனுஷன் வாக்குக் குடுத்த எடம். அதுல போய் நான்..." மேலே சொல்லாமல் எழுந்துகொள்ளக் கையை நீட்டினார்.

"செட்டியார் கடையை மூடியே வருஷமாச்சு. வேண்டாம்னுதானே வித்திருக்காங்க?"

"வித்தாங்க, நீ வாங்கினே. சரி. நாற்காலிதான் ஒனக்கு வந்திருக்கு. அவர்கிட்டக் கேக்காம ரம்பம் வைக்கக்கூடாது."

அன்று பொறையும் ஒன்றாகக் குறைந்தது. மறுநாள் காலையில் தாங்கிக்கொண்டு நின்றபோது அவர் கனம் குறைந்திருப்பது என் கைக்கே தெரிந்தது. வெல்ல மூட்டையைத் தூக்கிப் பார்த்தே எடை சொல்கிற கை.

கைவண்டியில் நாற்காலியை ஏற்றிக்கொண்டு சகாயநாதனிடம் போனேன். கொடுத்துவிட்டு வேறு ஏதாவது எடுக்கலாம் என்று எண்ணம். அவர் வாசற்படியிலேயே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

"போணிக்குப் போன பொருள் திரும்பிப் படியேறினா கடை படுத்துரும் பாய். வண்டியைத் திருப்புங்க."

"பாருங்கண்ணே, பளபளன்னு பண்ணிக் கொண்டாந்திருக்கேன். ஒங்களுக்குத்தான் லாபம்."

"தங்கத்தகடு அடிச்சுக் கொண்டாந்தாலும் வேணாம்."

"நீங்க சர்ச்சுக்குப் போற வேதக்காரரு. ஒங்களுக்கு ஏதுண்ணே போணி?"

"வேதம் ஞாயித்துக்கெழமை. போணி தெனமும்." சொல்லிவிட்டுச் சிரித்தார். "போணி நேரம் பார்த்து வந்து அடிச்சுப் பேசினீங்கள்ல? அந்த வெலைக்கு இதுவும் சேர்த்திதான்."

பேரத்தில் நான் இவ்வளவு சுருக்காகத் தோற்றதில்லை. வேறு கடைகளில் நுழைந்து பார்த்தேன். கை இருந்தால் கால் குறுகல். கால் அகலமாக இருந்தால் பிரம்பு. பலகை இருந்த ஒன்று நான் தொட்டதுமே மூட்டு விட்டுக்கொண்டது. வேறு வழியில்லாமல் ஒண்ணாம் நம்பர் பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் போனேன்.

மொட்டைக் கோபுரத்துக்கு வெளியே செட்டியார் வீடு. மகன் வெளியே போயிருந்தார். மருமகள் என்னை உள் அறைக்கு அனுப்பினாள். கயிற்றுக் கட்டிலில் செட்டியார் பாதியாக இளைத்துக் கிடந்தார். நாற்காலியின் அகலத்தைப் பார்த்தவனுக்கு அவரைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. குரல் மட்டும் இளைக்கவில்லை.

"யாரு, கனி ராவுத்தர் மகனா? வெல்லம் விக்க வந்தியாப்பா? எனக்குச் சக்கரை வியாதி."

எப்படிக் கேட்பது? ஒருத்தர் கல்லாவில் உட்கார்ந்த நாற்காலியைக் கக்கூஸில் போட்டுக்கொள்ளட்டுமா என்று அவரிடமே கேட்க எந்த மண்டியில் சொல்லித் தருகிறார்கள்? வெள்ளத்தில் ஆரம்பித்து, இடுப்பெலும்பில் தடுமாறி, ஒரு வழியாகச் சொல்லி முடித்தேன்.

செட்டியார் கட்டில் கிறீச்சிடச் சிரித்தார். இருமல் வந்து, தண்ணீர் குடித்து, மறுபடியும் சிரித்தார்.

"அட, நான் அதை அதுக்குத்தான்டாப்பா வச்சிருந்தேன்! முட்டி மடங்கலை. ஆசாரியைக் கூப்பிட்டு நடுவுல ஒரு ஓட்டை போடுடான்னேன் எம்மகன்கிட்ட. அப்பா உக்காந்த எடத்துல ஓட்டை போட்டா லட்சுமி போயிருவான்னான். போயிருவான்னு நாற்காலியையே வித்துப்புட்டான். புத்திசாலி. லட்சுமி இப்போ ஒங்க வீட்டுக் கொல்லையிலயா இருக்கா?"

"அப்ப நீங்க எப்படி...?"

"செங்கல்லு அடுக்கி மேலே பலகை போட்டிருக்கான். ஒரு பக்கம் ஆடுது. மருமக வாசல்ல நின்னுக்கிட்டு, 'மாமா, இருக்கீங்களா?'ன்னு கேட்டுக்கிட்டே இருப்பா. விழுந்துட்டேனான்னு பார்க்கறதுக்கு." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ராவுத்தரைத் தாராளமா உக்காரச் சொல்லு. ஓட்டையோட ஓரத்தை நல்லா வழவழன்னு தேய்க்கச் சொல்லு, என்ன?"

காவேரிப் பாலம் தாண்டும்போது பஸ்ஸில் எனக்குப் பாட்டே வந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் அத்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அதுதான் தப்பு. சம்மதம் கிடைத்துவிட்டது என்பதோடு நிறுத்தியிருக்கவேண்டும். செங்கல்லையும் சொல்லித் தொலைத்தேன்.

"செங்கல்லா?" என்றார் அத்தா.

"ஆமா. ஆடுதாம்."

"பிச்சமுத்துவை வரச்சொல்லு. ஓட்டை போட்டு, ஓரத்தைத் தேய்ச்சு, மெழுகு போட்டு, செட்டியாருக்கு அனுப்பிவை."

"அத்தா! அப்போ ஒங்களுக்கு?"

"மண்டியில ஒண்ணு கெடக்கே."

எனக்கு முதலில் விளங்கவே இல்லை. மண்டியில் இருப்பது மூட்டை, தராசு, கல்லாப்பெட்டி. அப்புறம்தான் உறைத்தது. கை உண்டு. கால் அகலம். கெட்டிப் பலகை. ஊரெல்லாம் நாற்காலி தேடி அலைந்தவனுக்கு, தான் உட்கார்ந்திருந்தது ஒரு நாற்காலி என்று தோன்றவே இல்லை.

"அது நான் உக்கார்றது, அத்தா!"

"அதுக்கு முந்தி நான் உக்காந்தது."

"உப்பிலியபுரத்துலேர்ந்து வர்றவங்க எல்லாம் அதைப் பார்த்துத்தான் சரக்கு எறக்கறாங்க. மண்டியோட ராசி, பரக்கத்து எல்லாமே அதுலதான் இருக்கு!"

வாசற்படியில் நின்ற சாரா நிதானமாகக் கேட்டாள்: "ஏங்க, மரம்தானே அது?"

நான் அவளை முறைத்தேன். அத்தா சிரிக்கவில்லை. "செட்டியார் எடத்துல நான் ரம்பம் வைக்கணும்னா அவரைக் கேக்கணும். நான் உக்காந்த எடத்துல நானே வச்சுக்கறதுக்கு யாரைக் கேக்கணும்? போய் எடுத்துக்கிட்டு வா."

இரண்டு நாற்காலிக்கும் ஒரே பகலில் வேலை நடந்தது. செட்டியார் நாற்காலியை அறுத்தபோது நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். மண்டி நாற்காலியில் பிச்சமுத்து பென்சில் வட்டம் போட்டபோது கிட்டே போய், "கொஞ்சம் சின்னதாப் போடுங்களேன்" என்றேன்.

"சின்னதாப் போட்டா எதுக்கு ஆகும் மொதலாளி?" என்றார் அவர். ரம்பம் இறங்கியபோது நான் உள்ளே போய்விட்டேன். சத்தம் அங்கேயும் கேட்டது.

மறுநாள் காலை வழக்கம்போல எழுந்து அத்தாவின் கட்டிலுக்குப் போனேன். அவர் ஏற்கெனவே தடியை ஊன்றி நின்றுகொண்டிருந்தார். கைகொடுக்கப் போனேன்.

"நீ போ."

மெதுவாக நடந்து கொல்லைக்குப் போனார். கதவு மூடியது. உள்ளிருந்து கொண்டி விழுந்தது. நான் வெளியே நின்றேன். கொஞ்சநேரம் கழித்து உள்ளே தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. மண்டியில் விலை சொல்லுமுன் செருமுவாரே, அந்தச் செருமல்.

"அங்கே நின்னுக்கிட்டு என்ன பண்றே? மண்டி தொறக்கலையா?" என்றது குரல். உடனே இன்னும் உரக்க: "சாரா! நாலு ரொட்டி போடும்மா. நேத்து கறி ஆணம் மீதி இருக்கா?"

மண்டியைத் திறந்து வெல்ல மூட்டைமேல் உட்கார்ந்தேன். உப்பிலியபுரம் வண்டிக்காரர் வந்து, நாற்காலி எங்கே என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் எறும்பு கடித்தது.