கிழியாத பேனர்

என் கணவன் ஸ்டான் அந்த ஆளின் முன்பல்லைப் பெயர்த்தபோது என் இரண்டு கையிலும் சூடான கறி பப்ஸ் இருந்தது. தடுக்கக் கை இல்லை. உண்மையைச் சொன்னால் தடுக்க மனசும் இல்லை. அந்த ஆள் எதிரணியான ரயில்வே கிளப்பின் ரசிகன். முதல் பாதி முழுக்க வேலியில் வயிற்றைச் சாய்த்துக்கொண்டு, எங்கள் மகன் கோரி பந்தைத் தொடும்போதெல்லாம் கத்திக்கொண்டே இருந்தான்.

"டேய் சைனாக்காரா! உன் ஊர்க் கப்பல் கெளம்பிருச்சுடா, ஓடு ஓடு!"

ஸ்டான் பொறுமையாகத்தான் எழுந்து போனான். பக்கத்தில் நின்று, "அவன் என் பையன்" என்றான். அந்த ஆள் ஸ்டானின் கண்ணை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அதான் தெரியுதே" என்று சிரித்தான். அப்புறம் சிரிக்க அவனுக்கு வாய் சரியாக இல்லை. ஸ்டானின் கொள்ளுத்தாத்தா தங்கம் தோண்டச் சீனாவின் கான்டனிலிருந்து வந்தவர். அதற்குப் பிறகு எல்லாரும் மெரிடன் துறைமுகத்திலேயே பிறந்து, கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கி, இங்கேயே செத்தவர்கள். மிச்சம் இருப்பது குவாங் என்ற குடும்பப் பெயரும் கண்ணோரத்தில் கொஞ்சம் ஜாடையும்தான். கோரி நூடுல்ஸைக்கூட ஸ்பூனால் சாப்பிடுகிறவன்.

ஆட்கள் வந்து ஸ்டானைப் பிடித்து இழுத்தார்கள். அந்தக் களேபரத்தில் மைதானத்தைப் பார்த்தது நான் மட்டும்தான். உயரமாக வந்த பந்துக்குக் கோரி எம்பினான். பின்னாலிருந்து வந்தவனின் முழங்கால் அவன் பிடரியில் இறங்கியது. காய்ந்த கட்டையைச் சிமெண்டுத் தரையில் போட்ட மாதிரி ஒரு சத்தம். உலகம் ஃபுட்பால் என்று சொல்வதெல்லாம் எங்களுக்குப் பூப்பறிக்கிற விளையாட்டு. எங்கள் ஊர் ஃபுட்பாலில் பந்து முட்டை வடிவம், தலைக்கவசம் கிடையாது, ஒருவன் தோள் மேல் இன்னொருவன் ஏறிப் பந்தைப் பிடிப்பான். இப்படி எத்தனையோ அடி பார்த்திருக்கிறேன். ஆனால் இந்தத் தடவை கோரி எழுந்தபோது, தரை எங்கே இருக்கிறது என்று காலால் தேடினான். பிறகு பல்லுறையைக் காட்டிச் சிரித்துவிட்டு ஓடினான்.

தலையில் அடிபட்டது என்று டாக்டர் எழுதிவிட்டால் இரண்டு வாரம் ஆடக்கூடாது. அடுத்த வாரம் ஷாங்காய்.

ஷாங்காயைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் நங்கூரம் கிளப் கடனில் மூழ்கிக்கொண்டிருந்தது. லீக்காரர்கள் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்: வெளியிலிருந்து பெரிய ஆதரவு வராவிட்டால் அடுத்த வருடம் ரயில்வே கிளப்போடு இணைப்பு. ரயில்வேயோடு! பரம்பரைப் பகையாளிக்கு வீட்டைக் கொடுத்துவிட்டுத் திண்டாடு என்பது போல. அந்த நேரத்தில்தான் ஷாங்காயில் ஒரு குளிர்பானக் கம்பெனி ஆர்வம் காட்டியது. இங்கே வந்து உங்கள் லீக் ஆட்டம் ஒன்றை ஆடுங்கள், சீன ரத்தம் உள்ள உங்கள் பையன் ஆடட்டும், பிடித்திருந்தால் ஐந்து வருடம் உங்கள் சட்டையில் எங்கள் பெயர். அதுவரை கோரியை "நூடுல்ஸ்" என்று கூப்பிட்ட சொந்தக் கிளப்காரர்களெல்லாம் ஒரே ராத்திரியில் "நம்ம சீனச் சிங்கம்" என்றார்கள். ஷாங்காய் முழுக்கப் போஸ்டர் ஒட்டினார்கள். எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. இரண்டையும் சேர்த்துத்தான் விழுங்கினேன். என் அப்பாவின் சவப்பெட்டிமேல் போர்த்தியது நங்கூரத்தின் கருநீலக் கொடி. அந்தக் கிளப் இல்லாத ஊரில் நான் யார்?

அடிபட்ட அன்று மாலை வீட்டில் கோரி திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுத்திருந்தான். கேட்டால், "கண்ணுல தூசும்மா" என்றான். ஸ்டானைக் கேட்டேன்.

"கிளப்பு டாக்டர் கேட்டதுக்கெல்லாம் பட்டு பட்டுன்னு பதில் சொன்னான் நெரி. நீ சும்மா மனசப் போட்டு ஒழப்பிக்காத."

"சத்தியமா?"

"நங்கூரத்து மேல சத்தியமா."

எங்கள் வீட்டில் சாமியைவிடப் பெரிய சத்தியம் அது. நம்பினேன்.

ரசிகர் குழுவின் பேனர் வேலை என் பொறுப்பு. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு பேனர், ஒரு வீட்டுச் சுவர் அகலத்துக்கு, மெல்லிய கிரேப் காகிதத்தில். கிளப் அரங்கத்துத் தரையில் முட்டி போட்டு ஒட்டுவோம். ஆட்டம் தொடங்குமுன் இரண்டு கம்பத்தில் தூக்கிப் பிடிப்போம்; எங்கள் பையன்கள் ஓடிவந்து அதைக் கிழித்துக்கொண்டு மைதானத்துக்குள் பாய்வார்கள். நாள்கணக்கில் செய்ததை ஒரு நொடியில் கிழிப்பதைப் பார்க்கத்தான் பாதிக் கூட்டம் சீக்கிரம் வரும். ஷாங்காய் பேனரை ஒட்டிக்கொண்டிருந்த அன்று பெர்ட் குடித்துவிட்டு வந்தான். கப்பல் வேலையில் ரிட்டயர் ஆனவன், சீனாப் பேச்சே ஆகாதவன். பேனர் நடுவில் பூட்ஸ் காலோடு நின்றான்.

"நம்ம ஊரு ஆட்டத்த வித்துட்டு, பந்து உருண்டையா சப்பையான்னு தெரியாதவனுக்கு ஆடிக் காட்டப் போறீங்களா? உன் பையன் மூஞ்சிய வெச்சுத்தானே வியாபாரம்?"

"காலை எடு பெர்ட்."

"எடுக்கலைன்னா என்ன பண்ணுவே?"

கையிலிருந்த டேப் சுருளை எறிந்தேன். உள்ளே இரும்பு உருளை இருப்பது ஞாபகமில்லை. நெற்றி பிளந்து ரத்தம் காகிதத்தில் சொட்டியது. கூட வந்திருந்த அவன் தம்பி என் தலைமுடியைப் பிடித்தான். என் சிநேகிதி டெஸ்ஸி, கிரேக்கக்காரி, என்னைவிடக் கோபக்காரி, நாற்காலியைத் தூக்கி அவன் முதுகில் இறக்கினாள். பிறகு உட்கார்ந்து, ரத்தம் பட்ட இடத்தில் புதுக் காகிதம் ஒட்டினோம். "சைனாவுல போய் ஜெயிக்கிறோம்டி" என்றாள் டெஸ்ஸி, மூச்சு வாங்கிக்கொண்டே. ஆமாம் என்றேன். ஊரில் என்னைவிட அதை நம்பியவர்கள் யாரும் இல்லை.

ஷாங்காயில் மழை. விமான நிலையத்திலிருந்து வரும் வழியில் லாரியின் பின்பக்கம் ஒழுகி, பேனர் பெட்டி நனைந்துவிட்டது. ஓட்டலில் பிரித்தபோது உள்ளே கருநீலக் கூழ். டெஸ்ஸி அழுதேவிட்டாள். குளிர்பானக் கம்பெனி எங்களுக்குத் துணையாக அனுப்பியிருந்த லூ யிங் பதறிப்போனாள். ஒல்லியான பெண், எங்களோடு சேர்ந்து எங்கள் கிளப் பாட்டை வரும் வழியிலேயே கற்றுக்கொண்டவள்.

"அக்கா, பேனரோட படம் இருந்தா எனக்குக் குடுங்க. எங்க மாமா அச்சுக்கூடம் வெச்சிருக்காரு. நாளைக்குள்ள போட்டுடலாம். எப்பிடி இருக்கணும்?"

"அழகா இருக்கணும். காத்துல பிஞ்சிடாம இருக்கணும்" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அது எதற்கு என்று சொல்லவில்லை. எங்கள் ஊரில் நடை பழகாத குழந்தைக்குக்கூட அது தெரியும். அதையெல்லாம் ஒருத்தருக்குச் சொல்ல வேண்டும் என்று எந்த நங்கூரத்துக்காரிக்கும் தோன்றியிருக்காது.

மைதானத்துக்கே சுருட்டிக் கொண்டுவந்தாள். கம்பத்தில் கட்டியே வைத்திருந்தாள், கெட்டிக்காரி. ஆளுக்கொரு பக்கம் தூக்கினோம். விரிந்ததும் அரங்கமே "ஓ" என்றது. கோரியின் முகம் வானம் உயரத்துக்கு. பின்னால் அலை, அலைக்குள் தங்க நங்கூரம். இத்தனை வருடத்தில் இப்படி ஒன்றை நாங்கள் செய்ததில்லை. கனமாக இருக்கிறதே என்று நினைத்தேன். காற்றில் ஆடிய ஓரம் என் கன்னத்தில் அறைந்தது. காகிதம் அப்படி அறையாது. பிடித்துப் பார்த்தேன். தார்ப்பாய். ஓரமெல்லாம் மடித்து, நைலான் நூலில் இரட்டைத் தையல்.

அன்று கோரிக்கு நூறாவது ஆட்டம். நூறாவது ஆட்டம் ஆடுகிறவன்தான் எல்லாருக்கும் முன்னால் ஓடிவருவான், அது வழக்கம். கிளப் பாட்டு ஒலிபெருக்கியில் அலறிக்கொண்டிருந்தது. "நிறுத்து! நிறுத்துடா!" என்று கத்தினேன். டெஸ்ஸி அந்தப் பக்கத்திலிருந்து நான் ஆர்ப்பரிக்கிறேன் என்று நினைத்துத் திருப்பிக் கத்தினாள். கம்பத்தைக் கீழே சாய்க்கப் பார்த்தேன்; கூடப் பிடித்திருந்த கம்பெனி ஆட்கள், கிழவிக்குக் கை தளர்ந்துவிட்டது என்று இன்னும் விறைப்பாகப் பிடித்தார்கள்.

கோரி முழு வேகத்தில் வந்தான். காகிதத்தைக் கிழிக்கும்போது செய்கிற மாதிரி தலையைக் குனிந்து, நெற்றியை முன்னால் நீட்டி வந்தான். மோதினான். தார்ப்பாய் ஒரு கணம் உள்வாங்கி, அவனை அப்படியே தூக்கித் திருப்பி எறிந்தது. பின்னால் வந்த இருபது பேரும் நிற்க முடியாமல் அவன்மேல் ஏறினார்கள். ஒரு பூட்ஸ் அவன் காதுப் பக்கம் பட்டதை நான் பார்த்தேன். என் பக்கத்துக் கம்பம் முறிந்து ஒருவனின் மூக்கைக் கிழித்தது. அரங்கத்தில் பாதிப் பேர் இதுவும் ஆட்டத்தில் சேர்ந்தது என்று நினைத்துக் கைதட்டினார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

லூ யிங் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "ஏன் அக்கா அதுமேல போய் விழுறாங்க? அவரு முகம் இருக்குதே!"

அவள் கையை விலக்கிவிட்டுக் கோரியைத் தேடினேன்.

கோரி எழுந்தான். டாக்டர் ஓடிவந்தார், கோரி கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். கிளப் தலைவர் டாக்டரின் தோளில் கை போட்டு, சிரித்துக்கொண்டே ஏதோ சொல்லி அழைத்துப் போனார். மேலே கண்ணாடி அறையில் கம்பெனி முதலாளிகள் உட்கார்ந்திருந்தார்கள். நானும் ஸ்டானும் வேலிக்கு இந்தப் பக்கம் வந்து நின்றோம். கோரி எங்களை நோக்கி நடந்து வந்தான். நெற்றி வீங்கத் தொடங்கியிருந்தது. வேலியைப் பிடித்துக்கொண்டு குனிந்து மெதுவாகக் கேட்டான்.

"அம்மா, ரஸ்டியக் கட்டிப் போட்டீங்களா? கிரவுண்டுக்குள்ள ஓடியாந்துடும்."

ரஸ்டி எங்கள் நாய். செத்துப் பல வருடம் ஆயிற்று. கோரிதான் குழி தோண்டிப் புதைத்தான்.

அவன் திரும்பி ஓடினான். என் பக்கத்தில் ஸ்டான் முணுமுணுத்தான்.

"மறுபடியுமா..."

"என்ன மறுபடியும்?"

அவன் பார்வையை மைதானத்துப் பக்கம் திருப்பினான்.

"ஸ்டான், என்ன மறுபடியும்?"

"போன வாரம் நீ பேனர் ஒட்டப் போயிருந்தப்ப ரெண்டு நாளு நாயத் தேடுனான். வாந்தி எடுத்தான். அப்புறம் சரியாயிட்டான் நெரி, நெசமாவே சரியாயிட்டான். அவன்தான் சொல்லாதன்னான். ஒரே ஒரு ஆட்டம்தானே. கிளப்பு போயிரும்ல?"

அறைந்தேன். உள்ளங்கையால் அல்ல, முஷ்டியால். துறைமுகத்துக்காரியின் முஷ்டி. உதடு கிழிந்தது. அவன் தடுக்கவில்லை. இன்னொரு தடவை அடித்தேன். ஆயிரம் பேர் வாயை உடைத்தவன் குழந்தை மாதிரி வாங்கிக்கொண்டு நின்றான். அவன்மேல் எனக்கு வந்த வெறுப்பைச் சொல்லி முடியாது. அவன் கண்ணில் இருந்த அதே ஆசை ஒரு நிமிடம் முன்புவரை என் கண்ணிலும் இருந்தது, அதற்கும் சேர்த்துத்தான் அடித்தேன்.

வேலி ஏறிக் குதித்தேன். ஒரு காவலன் இடுப்பைப் பிடித்தான். முழங்கையை அவன் தொண்டையில் இறக்கினேன். இன்னொருவன் கையைப் பிடித்தான், கடித்தேன். ஆட்டம் தொடங்குவதற்கான சைரன் ஊதிவிட்டது. மைதானத்து ஓரத்தில் தன் இடத்தில் நின்றுகொண்டிருந்தான் கோரி. பின்னாலிருந்து சட்டைக் கழுத்தைப் பிடித்தேன்.

"வெளிய வா."

"விடும்மா. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும்."

"நான் வெளிய போனா கிளப்பு போச்சும்மா."

"போகட்டும்."

அதைச் சொன்னது என் வாய்தான். எங்கள் ஆட்கள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து சத்தம் எழுந்தது. முதலில் சிரிப்பு, பிறகு கூச்சல். "உக்காருடி நெரிடா!" "அந்தப் பொம்பளையத் தூக்கி வெளிய போடுங்கடா!" டெஸ்ஸியின் குரலும் அதில் இருந்தது. ஒரு பாட்டில் வந்து என் முதுகில் பட்டது. ஆட்டத்தைத் தொடங்கிவைக்க நடுவர் தூரத்தில் பந்தைத் தரையில் ஓங்கி அடித்தார். எங்களை அவர் கவனிக்கவில்லை. கோரி திமிறினான். என்னைவிட இரண்டு மடங்கு பலம் அவனுக்கு. சட்டை தையல்விட்டுப் பிளக்கும் சத்தம் கேட்டது. நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு காலைத் தரையில் ஊன்றினேன். அவன் என்னைச் சேர்த்து இழுத்துக்கொண்டு ஓடப் பார்த்தான்.

பந்து எங்களுக்கு வலப்பக்கம், உயரத்தில் போய்க்கொண்டிருந்தது. கோரி இடப்பக்கம், ஒன்றுமில்லாத வானத்தைப் பார்த்து, இரண்டு கையையும் விரித்துத் தூக்கினான்.