திரும்பி நின்ற வாத்து

ஆறு மணிக்கு எழுந்தேன். பெங்களூரு ஆஸ்டின் டவுன் மூலைக் கடையில் பால் வாங்கி வந்து காய்ச்சினேன். இரண்டு டம்ளர் எடுத்து, ஒன்றைத் திரும்ப வைத்தேன். குடித்தேன். கழுவினேன். பின்னல் ஊசிகளோடு ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.

அது தர்ஷினியின் இடம். பழைய கைப்பின்னல் துணிகளைச் சரிசெய்வது என் மனைவியின் தொழில். கடைசியாக வந்தது மாடிவீட்டு லீனாவின் சால்வை. மூன்று தலைமுறையாக அந்த வீட்டுக் குழந்தைகளுக்கு ஞானஸ்நானத்தன்று போர்த்துவது. ஓரம் முழுக்கப் பின்னிய சிறு சதுரங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு நீல வாத்து, எல்லாம் வலப்பக்கம் பார்த்து நடக்கும். அடுத்தடுத்த இரண்டைப் பூச்சி அரித்திருந்தது. தர்ஷினி வெள்ளை நூலை டீத்தண்ணீரில் ஊறவைத்துப் பழைய நிறத்துக்குக் கொண்டுவந்து, ஒரு வாத்தை முடித்துத் தைத்தாள். அடுத்ததற்குள் மருத்துவமனை. திரும்பி வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை லீனாவின் மகனுக்கு ஞானஸ்நானம். மீதி வாத்தை நானே போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தேன். தர்ஷினிக்கு எதிரே உட்கார்ந்து, கண்ணாடியில் பார்ப்பதுபோலப் பின்னக் கற்றவன் நான். இடக்கைக்காரன்.

மடியில் இருந்தவரை வாத்து சரியாகத்தான் தெரிந்தது. சால்வையில் தைத்த பிறகு பார்த்தேன். இடப்பக்கம் பார்த்து நின்றது.

வாத்துக்குத் தர்ஷினி வைத்திருந்த கட்டம் போட்ட படத்தை வலமிருந்து படிக்க வேண்டும். படித்தேன். என் ஊசி இடமிருந்து போகும் என்பதை மறந்துவிட்டேன்.

கத்தரியை எடுத்தபோது லீனா குழந்தையோடு வந்தாள்.

"ஆச்சா ஹரிஷண்ணா?"

"தப்பாயிடுச்சு. பிரிச்சுடறேன். ஞாயித்துக்கிழமைக்குள்ள இன்னொண்ணு வராது. ஓட்டையோடதான் போர்த்தணும்."

அவள் சால்வையைக் கட்டிலில் விரித்தாள். நேரம் எடுத்துக்கொண்டு பார்த்தாள்.

"மத்தது எல்லாம் ஸ்கூல் பசங்க மாதிரி லைன்ல போகுது. இது மட்டும் நின்னு தர்ஷினி வாத்துகிட்ட கதை பேசுது."

"கிண்டல் பண்ணாதே."

"பேடாண்ணா, வேண்டாம், பிரிக்காதீங்க. நாளைக்கு இவன் புள்ளைக்குப் போர்த்தறப்போ, இது ஹரிஷ் மாமா போட்டதுன்னு தேடாமலே காட்டலாம்."

குழந்தை என் வாத்தைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டான். கத்தரியைக் கீழே வைத்தேன்.

சால்வையை மடித்தபடி லீனா கேட்டாள். "தர்ஷினி கடைசியா ஏதாச்சும் சொன்னாளாண்ணா?"

இதுவரை யாருக்கும் நான் பதில் சொன்னதில்லை. கேட்டவர்கள் பெரிதாக ஏதோ எதிர்பார்த்தார்கள். ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளும்போது சொன்னாள். அதை லீனாவிடம் சொன்னேன். சொல்லும்போதே சிரிப்பு வந்தது.

"அந்த வாத்தைத் தொட்டுடாத ஹரிஷ். உன் கைக்கு அது திரும்பிக்கும்."