பிடிப்பார் இல்லாத சடுகுடு

செஞ்சிக் குன்றுகளின் பின்னே கதிரவன் இறங்கத் தொடங்க, திண்டிவனத்து ஏரியைத் தழுவிவந்த தைத்திங்கள் இளங்காற்று கரையோரப் புளியமரங்களை அசைத்து, அறுவடை முடிந்த வயல்களின் வைக்கோல் மணத்தை அள்ளிக்கொண்டு ஊர்ப்புறத் திடலில் வந்து நிறைந்த அந்த மாலையை, கற்றறிந்த பெருமக்களே, என்னென்று சொல்வேன்! ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்றாம் ஆண்டு அது. பெண்பிள்ளைகள் சடுகுடு ஆடுகிறார்களாமே என்று வாய்பிளந்த ஊர் முழுதும், குறைசொல்ல வந்தவர் பாதியும் கைதட்ட வந்தவர் பாதியுமாய், அத்திடலைச் சூழ்ந்து நின்றது.

விழுப்புரத்துத் தொடக்கப்பள்ளிச் சிறுமியர் ஒருபுறம், திண்டிவனத்துச் சிறுமியர் மறுபுறம். இளம்பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி எதற்கு என்பதை விளக்க எழுந்த மேற்பார்வை அம்மையார், உடலுரம் என்றார், கட்டொழுங்கு என்றார், கூடிவாழும் பண்பு என்றார். அவர் பேச்சு வளர வளர, பிள்ளைகள் கால்மாற்றிக் கால்மாற்றி நின்று சலித்தார்கள். அட, ஆட்டம் தொடங்கட்டும் என்று நமக்கே தோன்றாதா!

ஆட்டத்தின் முறை எளிது. பாடிச்செல்பவள் மூச்சு விடாமல் எதிரணியின் எல்லைக்குள் புகுந்து, ஒருத்தியையேனும் தொட்டு மீளவேண்டும். மீளுமுன் பிடித்து அவள் மூச்சை அறுத்துவிட்டால், எத்தனை பேர் வெளியேறியிருந்தாலும் அந்த ஆட்டம் எதிரணிக்கே. அஞ்சி எல்லைக்கோட்டுக்கு வெளியே ஓடியவளும் தோற்றாள். திண்டிவனத்தார் முதலில் அனுப்பியது வீரம்மாளை. ஊருக்கு வெளியே சேரியில் வாழ்ந்த உழவுக்கூலியின் மகள்; ஏரியில் மூழ்கி மூழ்கி நெடுமூச்சுப் பழகியவள்; அம்மூச்சுக்காகவே தன்னை அணியில் சேர்த்தார்கள் என்று அன்று காலைமுதல் நிலைகொள்ளாமல் பூரித்திருந்தவள்.

"சடுகுடு சடுகுடு" என்று அவள் புகுந்ததுதான் தாமதம், அவள் சேரிப்பிள்ளை என்று கூட்டத்தின் முணுமுணுப்பில் கேட்டிருந்த, அவள் கை தம்மேல் பட்டால் வீட்டில் என்ன நடக்கும் என்றறிந்த விழுப்புரத்துச் சிறுமியர் பின்வாங்கி, மேலும் பின்வாங்கி, கோட்டுக்கு வெளியே குதித்தார்கள்! மறுமுறையும் அவ்வாறே. திண்டிவனம் ஆர்ப்பரித்தது. ஆனால் வென்று மீண்ட பிறரைக் கட்டிக்கொண்டு கூத்தாடிய தோழியர், வீரம்மாளுக்கு மட்டும் எட்ட நின்றே கைதட்டினார்கள்.

பிறர் பாடிச்சென்ற ஆட்டங்களில் விழுப்புரம் ஈடுகட்ட, இரு புறமும் சமமாகி, இறுதி ஆட்டம் ஒன்றே எஞ்சியபோது, திண்டிவனத்து அணித்தலைவி அம்சா தன் ஆசிரியை அமலோற்பவமேரியிடம் துள்ளிக்கொண்டு ஓடிவந்தாள்.

"நான் அப்பவே சொன்னேன் இல்ல டீச்சரம்மா, இவள அனுப்பினா ஒருத்தியும் தொடமாட்டாளுங்கன்னு! கடசிக்கும் இவளயே அனுப்புங்க!"

அருகில் நின்ற வீரம்மாளின் நெஞ்சு உடைந்தது.

"எம் மூச்சுக்காவ இல்லியா டீச்சரம்மா என்ன சேத்துக்கினது?"

வெற்றி ஆசையில் அச்சூழ்ச்சிக்கு உடன்பட்டிருந்த ஆசிரியை நாணத்தால் முகஞ்சிவந்து, "நீ உக்காரும்மா, வேற ஆள அனுப்பறேன்" என்றார்.

"வேணாம். நானே போறேன்."

நடுக்கோட்டில் நின்று, எதிரே இருந்த விழுப்புரத்துத் தலைவி காந்திமதியை அவள் உற்று நோக்கினாள். கடைக்காரர் மகளான காந்திமதி, தோல்வி என்றால் உண்ணாமல் உறங்காமல் கிடக்கும் பிடிவாதக்காரி.

"இன்னாடி, ஓடி ஒளிஞ்சிக்கினு இருக்கறதுக்குப் பேரு ஆட்டமா? தெம்பு இருந்தா என்னப் புடிங்கடி பாக்கலாம்!"

காந்திமதிக்குச் சுருக்கென்று தைத்தது. வீரம்மாள் பாடிக்கொண்டு பாய்ந்தாள். ஏனையோர் சிதறி வெளியே ஓட, காந்திமதி ஒருத்தி மட்டும் பல்லைக் கடித்து நின்றாள். அவள் தோளைத் தொட்டுவிட்டு வீரம்மாள் திரும்பினாள். இன்னும் சிறிது தொலைவுதான். மூச்சோ நெஞ்சு நிறைய இருந்தது. தொட்டுவிட்டாளே, போகிறாளே, தோற்கிறோமே என்ற ஒரே நினைப்பில், சாதியும் வீடும் ஊரும் மறந்து, காந்திமதி தாவி அவள் கணுக்காலைப் பற்றினாள்! புழுதி எழுந்தது. வீரம்மாள் விட்டுக்கொடுக்கவில்லை, பாடியபடியே அவளையும் இழுத்துக்கொண்டு தவழ்ந்தாள், விரல்களை நீட்டினாள், மண்ணைப் பிறாண்டினாள். நடுக்கோடு விரல்நுனிக்கு அப்பால் இருந்தது. காந்திமதி முழு உடம்பாலும் அவள்மேல் விழுந்து அமுக்க, அந்த நெடுமூச்சு அறுந்தது.

"அய்யய்யோ, அவளப் போய்த் தொட்டுட்டியேடி!" என்று கூட்டத்தில் ஒருத்தி அலறினாள்.

"வுட்டா தோத்துப்புடுவோமே பெரிம்மா!" என்று இரைத்த மூச்சோடு கத்தினாள் காந்திமதி, பிடித்த காலை இன்னும் விடாமல்.

விழுப்புரம் வென்றது. அம்சாவுக்கு வந்த சினத்தைக் கேட்பானேன்! விடுவிடென்று ஓடிவந்தவள், எழுந்து நின்ற வீரம்மாளின் இரு தோள்களையும் பற்றி உலுக்கி, "கைய இன்னும் கொஞ்சம் எட்டிப் போட்டா இன்னாடி உனக்கு? கையில இருந்த ஆட்டத்தக் கெடுத்தியே பாவி!" என்று அழுதாள், பிற தோழியரும் நெருங்கிவந்து, தோற்ற எவளையும் ஏசுவதுபோல் அவளையும் ஏசினார்கள். முழங்கையில் குருதியும் முகமெல்லாம் புழுதியுமாய் அவர்கள் நடுவே நின்ற அச்சிறுமி, தோள்மேல் இருந்த கைகளை விலக்காமல், ஏச்சு முடியும்வரை சிரித்துக்கொண்டே நின்றாள்.