என் வீட்டுக்காரருக்குக் கன்னடம் தெரியாது

ஓசூருக்கு வந்து இத்தனை வருஷமாகியும் ஒரு கன்னட வார்த்தை பேசாத ஆள் யார் என்று கேட்டால், என் வீட்டுக்காரர் பரமசிவத்தைத்தான் காட்டுவேன். கல்யாணமாகிக் கோவில்பட்டியிலிருந்து வந்த ஆறே மாதத்தில் நான் கற்றுக்கொண்டேன். பக்கத்து வீட்டு வெங்கடம்மாள் குழாயடியில் சொல்லிக்கொடுத்தாள். சீக்கிரமே சண்டை போடும் அளவுக்கு வந்துவிட்டது. சண்டை போட வந்துவிட்டால் பாஷை வந்துவிட்டது என்றுதான் அர்த்தம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி, கர்நாடக எல்லை தாண்டி அத்திப்பள்ளிக்குக் காய்கறி வாங்கப் போவோம். நான் தக்காளிக்காரனோடு மல்லுக்கு நிற்பேன். இவர் மஞ்சள் பையோடு பின்னால் நிற்பார்.

"என்னளா சொல்லுதான் அவன்?"

"உங்க மூஞ்சியப் பாத்தா பாவமா இருக்காம். அரைக் கிலோ சும்மா தாரானாம்."

வாய்க்கு வந்ததை அளந்துவிடுவேன். இவர் சிரித்துக்கொண்டே பையை விரித்துப் பிடிப்பார். மார்கழிக் குளிரில், கம்பெனியில் நைட் ஷிப்ட் முடித்த கண்ணெரிச்சலோடு, எங்கள் மகன் பிரதாப்பைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் நின்றது இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. அந்த நாட்களை யாராவது திருப்பித் தந்தால் பேரமே பேசாமல் வாங்கிக்கொள்வேன்.

போன சித்திரையில் அவருக்குக் கண் மஞ்சளானது. காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம். மஞ்சள் இறங்கவில்லை, உடம்புதான் கரைந்தது. பெங்களூரில் ஸ்கேன் எடுத்தபோது கணையத்தில் புற்று, ஈரலுக்கும் பரவிவிட்டது என்று என்னிடம் கன்னடத்தில் சொன்னார்கள். அடைத்திருந்த பித்தக்குழாய்க்குள் சின்னதாக ஒரு குழாய் வைத்ததும் மஞ்சள் குறைந்தது. "கல்லு அடைச்சிருந்துச்சு, எடுத்தாச்சு" என்று அவரிடம் சொல்லிவிட்டோம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதைத்தான் நானும் பிரதாப்பும் செய்தோம். தெரிந்தால் மனசு உடைந்து படுத்துவிடுவார் என்று எனக்குப் பயம்.

அடுத்து என்ன வைத்தியம் என்று கேட்க மூன்று பேருமாகப் போனோம். டாக்டரம்மாவுக்குத் தமிழ் நன்றாகவே வரும். நான்தான் உள்ளே போனதும் பேச்சைக் கன்னடத்துக்கு மாற்றினேன். இவரிடம் இன்னும் சொல்லவில்லையா என்று டாக்டரம்மா முகம் சுளித்தார். வீட்டில் பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறோம் என்றேன். இவர் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆபரேஷன் செய்ய முடியாது, எந்த மருந்தும் நோயை முழுசாக எடுக்காது என்றுதான் டாக்டரம்மா ஆரம்பித்தார். நான்கு மருந்தைச் சேர்த்து ஏற்றினால் சில மாதம் கூடுதலாகக் கிடைக்கலாம். ஆனால் உடம்பை அடித்துப்போட்டுவிடும். வாந்தி, பேதி, கைகால் மரத்துப்போகும். ஒற்றை மருந்து என்றால் கொஞ்சம் லேசு, பலனும் அந்த அளவுதான். இரண்டும் வேண்டாம் என்றால் வலியைக் குறைத்து, சாப்பிட்டது செரிக்க மாத்திரை கொடுத்து வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

"நாலு மருந்துதான்" என்றேன் கன்னடத்தில். யோசிக்கவே இல்லை. ஒரு நாள் கூடுதலாகக் கிடைத்தாலும் எனக்கு வேண்டும்.

"அவர் தாங்குவாரா?"

"தாங்குவார். அவரை எனக்குத் தெரியாதா?"

"டாக்டரே, நனகூ கன்னட பருத்தே" என்று பக்கத்து நாற்காலியிலிருந்து குரல் வந்தது. எனக்கும் கன்னடம் வரும் என்கிறார்! சொல்லிவிட்டு, தட்டுத்தடுமாறாமல் மேலே பேசினார். ஒற்றை மருந்தில் தன்னால் எழுந்து நடமாட முடியுமா, உட்கார்ந்து சாப்பிட முடியுமா என்று கேட்டார். பெரும்பாலும் முடியும், முடியாவிட்டால் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்றார் டாக்டரம்மா. அப்படியானால் அதுவே போதும் என்று இவர் முடித்துவிட்டார்.

"எத்தன வருஷமாத் தெரியும்?" என்றேன். இவர் பக்கமே திரும்பிவிட்டேன்.

"கம்பெனில பாதிப் பேரு கன்னடக்காரன்லா பூங்கொடி. தெரியாம எப்படி வேலை பாக்க?"

"பின்ன என்னத்துக்கு எங்கிட்ட கேட்டுக்கிட்டே இருந்தீங்க?"

"அவன் சொன்னத விட நீ சொல்லுதது நல்லாருந்துச்சு."

"கல்லுளிமங்கன்!" என்று டாக்டர் முன்னாலேயே திட்டினேன். அப்போதுதான் உறைத்தது. "அப்போ இந்த நோவு...?"

"ஸ்கேன் ரூம்லயே காதுல விழுந்துட்டு. நீ கல்லுன்ன. அப்படிச் சொன்னாத்தான் ஒனக்குத் தெம்புன்னு விட்டுட்டேன்."

பிரதாப் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான். நான் விடவில்லை. வாயாடியாகவே வாழ்ந்தவள், இந்த இடத்தில் விடுவேனா?

"நாலு மருந்து ஏத்துனா இன்னுங் கொஞ்ச நாள் இருப்பீங்கல்லா?"

"இருப்பேன். நீ பாக்கதுக்குக் கட்டில்ல கெடப்பேன். எனக்கு ஒங்கூட இருக்கணும்லா."

ஊரெல்லாம் ஜெயித்த வாய் அன்றைக்குத் தோற்றது. எனக்காக அவரை வதைக்கப் பார்த்திருக்கிறேன். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டேன்.

"சரி டாக்டரம்மா, அவர் சொன்ன மருந்தே போடுங்க. இவருக்கு முதுகு வலி உயிர் போகுது. அதுக்கு என்ன குடுப்பீங்க? கடைசி வரைக்கும் வலியில்லாம வச்சிருப்பீங்களா?"

தமிழில்தான் கேட்டேன். கடைசி என்ற சொல்லை என் வீட்டுக்காரர் காதுபடவே சொன்னேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சரியாக் கேட்ட" என்றார்.